ஆங்கில லேபல் அடிக்க முதல் ஒருக்கால் வாசியுங்கள்: டேஸ்ட், ஃபிளேவர், ஹொட், ஸ்பைசி

கொக்குவிலில் வீட்டில் வைத்துத்தான் கறித்தூள் வறுத்து இடித்து விற்கிறேன், கூடவே நெல்லி ரசமும் (தண்ணீர் கலந்து குடிப்பது) பனாட்டும் (பனம்பழக் களியில் செய்வது). தமிழ் லேபல் எழுத அரை மணித்தியாலம் போதுமாக இருந்தது. ஆங்கில லேபலில்தான் 1000 ஸ்டிக்கரும் 7,500 ரூபாயும் போயின. நான் அடித்திருந்தது 'டேஸ்ட்ஃபுல் அண்ட் ஹொட் ஜாஃப்னா கறி பவுடர்'. அச்சகத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர்கள் வேலை அதுவுமில்லை. லண்டனில் இருக்கும் மச்சாளுக்குப் படம் அனுப்பினேன். "எடியே, பண்பான சுடுதூள் எண்டெல்லோ எழுதி வச்சிருக்கிறாய்!" என்று குரல் பதிவு வந்தது, பாதி சிரிப்பு.

அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சரோடு இருந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். வீட்டுச் சாப்பாட்டுச் சாமானை வெளிநாட்டுச் சனத்துக்கோ கொழும்புக் கடைக்கோ விற்க நினைக்கிறவர்கள் அதே காசை இன்னொரு தரம் செலவழிக்க வேண்டாம் என்பதற்காக, நான் போன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. ஆங்கிலத்தைத் தொட முதல், எங்கே படுகிறது என்று தமிழில் எழுதுங்கள்

கைபேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து 'சுவை' என்று அடிக்க வேண்டாம். எனக்கு எல்லாப் பிழையும் அங்கேதான் தொடங்கியது. தமிழில் 'சுவை', 'ருசி' இரண்டும் நாக்கு, மூக்கு, தொண்டை எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓடும். ஆங்கிலத்தில் அவை பிரிந்து கிடக்கின்றன.

ஒரு கொப்பியில் மூன்று கோடு போடுங்கள்: நாக்கு, மூக்கு, தொண்டை. உங்கள் சாமானில் கொஞ்சம் எடுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு வாயில் போடுங்கள். அப்போது தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, எரிவு, இவ்வளவுதான். பிறகு மூக்கை விடுங்கள். திடீரென்று மல்லி, சீரகம், கறிவேப்பிலை எல்லாம் வந்து நிற்கும். என் தூளை மூக்கைப் பொத்திச் சாப்பிட்ட மகள், அது வெறும் எரிகிற மண் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்குக் கோபம் வந்தாலும் அவள் சொன்னது சரி.

மூக்கைப் பொத்தியபோது தெரிந்தவற்றில் எரிவைத் தவிர்த்து மற்றவை டேஸ்ட். நாக்கும் மூக்கும் வாயின் உணர்வும் சேர்ந்து வருவது ஃபிளேவர். மேல்நாட்டு விஞ்ஞானக் கணக்கில் டேஸ்ட் ஐந்து: இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, உமாமி. உமாமி என்பது 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா கொம்பு என்ற கடற்பாசியில் இருந்து பிரித்துக் காட்டிய சுவை. எங்கள் அறுசுவையில் உள்ள உறைப்பும் துவர்ப்பும் அந்த ஐந்தில் இல்லை. ஆகவே அந்த இரண்டுக்கும் சொல் தேடும்போதுதான் அதிகம் வழுக்கும் (4ஆம், 5ஆம் படிகளைப் பாருங்கள்).

உங்கள் நாக்கை மட்டும் நம்பாமல் மூன்று பேரிடமாவது கொடுத்துப் பாருங்கள், அதில் ஒருவர் உறைப்புப் பழகாதவராக இருந்தால் நல்லது. இதற்கு ஒரு பின்னேரம் போதும், செலவு இல்லை.

2. டேஸ்டா ஃபிளேவரா

ஐஸ்கிரீம் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வனிலாவும் மாம்பழமும் நாக்குக்கு இரண்டும் இனிப்புத்தான், பெரிய வித்தியாசத்தைக் காட்டுவது மூக்கு. அதனால் 'வாட் ஃபிளேவர்' என்றுதான் கேட்பார்கள், 'வாட் டேஸ்ட்' என்று கேட்பதில்லை. வகையைச் சொல்லும் இடத்தில் எல்லாம் ஃபிளேவர். சாப்பிட்ட ஆள் எப்படி உணர்ந்தார் என்று சொல்லும்போது டேஸ்ட் வினைச்சொல்லாக வரும்: 'இட் டேஸ்ட்ஸ் ஸ்வீட்'. அந்த இடத்தில் 'ஸ்வீட்லி' என்று நீட்டக் கூடாது. எங்கள் ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கும் 'வெரி டேஸ்ட்' என்பதும் பிழை, 'வெரி டேஸ்டி' என்று வர வேண்டும்.

இனி என் பிழை. டேஸ்டி என்றால் ருசியானது. டேஸ்ட்ஃபுல் என்றால் ரசனையுள்ளது, பார்வைக்குப் பண்பானது. கல்யாண வீட்டு அலங்காரத்துக்கோ சேலைக்கோ சொல்லலாம், தூளுக்குச் சொன்னால் மச்சாள் சிரிப்பாள். இதன் எதிர்ச்சொல்லில் வேறு விதமான பொறி இருக்கிறது: டேஸ்ட்லெஸ் என்பது சப்பென்ற சாப்பாட்டுக்கும் வரும், பண்பில்லாத பகிடிக்கும் வரும்.

'டிலீஷஸ்' என்பதிலேயே 'மிக' அடங்கியிருக்கிறது, முன்னால் 'வெரி' போடத் தேவையில்லை. ரீச்சர் இதற்கும் மேலே போய், லேபலில் டிலீஷஸ் என்ற சொல்லே வேண்டாம் என்றார். "உன்ர சாமானை நீயே ருசி எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? என்ன போட்டனி எண்டு சொல்லு." நானும் இப்போது அவர் பக்கம்தான்.

எழுத்துக்கூட்டலையும் ஒருக்கால் பாருங்கள். பிரித்தானிய முறையில் ஃபிளேவர் என்ற சொல்லில் ஓவுக்குப் பிறகு யு வரும், அமெரிக்க முறையில் வராது. இலங்கைக்கும் லண்டனுக்கும் கனடாவுக்கும் யு உள்ளது சரி. கைபேசி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் யுவைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், பயந்து அழித்துவிடாதீர்கள். ஒரே லேபலில் இரண்டு முறையும் கலந்து வந்தால்தான் அசிங்கம்.

3. ஃபிளேவர், ஃபிளேவர்ட், எசென்ஸ்: இங்கே சிரிப்போடு முடியாது

மற்றப் படிகளில் பிழை விட்டால் சிரிப்பார்கள். இந்தப் படியில் பிழை விட்டால் சரக்கையே திருப்பி அனுப்பலாம்.

பிரித்தானியாவில் 'ஸ்ட்ராபெரி ஃபிளேவர்ட் யோகட்' என்றால் அந்தச் சுவை முழுவதுமோ பெரும்பாலுமோ உண்மையான ஸ்ட்ராபெரியில் இருந்து வந்திருக்க வேண்டும் என்று எடுப்பார்கள். 'ஸ்ட்ராபெரி ஃபிளேவர் யோகட்' என்றால் பழம் துளியும் இல்லாமல் இருக்கலாம். கடைசியில் ஒட்டும் இரண்டு எழுத்தில்தான் வித்தியாசம். அமெரிக்காவில் வேறு வழி: பழத்தின் சுவையைச் செயற்கையாகக் கொண்டுவந்திருந்தால் முன்பக்கத்திலேயே, சாமானின் பெயரோடு சேர்த்து, 'ஆர்டிஃபிஷியலி ஃபிளேவர்ட்' என்று சொல்ல வேண்டும். பின்பக்கம் எறும்பு எழுத்தில் போட்டுத் தப்ப முடியாது.

ஃபிளேவரிங் என்பது நாங்கள் ஊற்றுகிற பொருள், ஃபிளேவர் அதனால் வருகிற சுவை. சேர்மானப் பட்டியலில் வர வேண்டியது ஃபிளேவரிங். ஃபிளேவர் என்ஹான்சர் இன்னொரு சாமான், தனக்கென்று பெரிய சுவை இல்லாமல் மற்றச் சுவைகளைத் தூக்கிக் கொடுப்பது. அஜினமோட்டோ என்று நாங்கள் சொல்லும் எம்எஸ்ஜி அந்த வகை, அதன் எண் 621.

எசென்ஸ் என்ற சொல்லில் நானே விழுந்தேன். 'சாறு, சாரம்' என்று நினைத்து நெல்லி ரசத்துக்கு 'நெல்லி எசென்ஸ்' என்று எழுதி வைத்திருந்தேன். கேக் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், கடையில் எசென்ஸ் என்று வரும் சின்னப் போத்தல் பெரும்பாலும் செயற்கை வாசனை. ஐந்து கிலோ நெல்லிக்காயைக் கொட்டை நீக்கிப் பிழிந்துவிட்டு எசென்ஸ் என்று எழுதினால், வாங்குகிறவர் வெறும் கலர்த் தண்ணீர் என்று நினைப்பார். எக்ஸ்ட்ராக்ட் என்று மாற்றலாமா என்றால் அதுவும் சரிவராது, அது ஒரு பொருளை மதுசாரத்திலோ வேறு திரவத்திலோ ஊறவைத்துச் சாரத்தை இறக்குவது. அமெரிக்காவில் வனிலா எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயரைப் போடக் குறைந்தது 35 வீதம் மதுசாரம் இருக்க வேண்டும். பிழிந்த சாறுக்கு ஜூஸ், சீனி சேர்த்துத் தண்ணீர் கலந்து குடிப்பதற்கு கோர்டியல். கடைசியில் நான் கோர்டியல் என்றே போட்டேன்.

நெல்லி பற்றி ஒரு இடைச்செருகல்: 'கூஸ்பெரி' என்று மட்டும் எழுத வேண்டாம், இங்கிலாந்தில் அது முற்றிலும் வேறு பழம். 'இந்தியன் கூஸ்பெரி' அல்லது 'ஆம்லா' என்று போடுங்கள்.

இந்தப் படிக்குத் தேவையான பத்திரங்களை ஒரே கோப்பில் வைத்திருங்கள். நிறை கூடியதில் இருந்து குறைந்தது வரை எழுதிய சேர்மானப் பட்டியல், எசென்ஸ் அல்லது கலர் ஏதாவது பாவித்தால் அந்தப் போத்தல் லேபலின் தெளிவான படம், வாங்குகிறவர் எந்த மொழிகளில் லேபல் கேட்கிறார் என்று எழுத்தில் ஒரு செய்தி. கனடாவுக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும், இதைக் கடைசி நேரத்தில் கேள்விப்பட்டு ஓடக் கூடாது. உள்ளூர் விற்பனைக்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபல் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. உங்கள் பகுதிப் பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அச்சடித்த ஸ்டிக்கரைக் கொண்டுபோகாமல் வரைவைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேனையால் திருத்தக் காசு இல்லை.

4. உறைப்பு: ஹொட், ஸ்பைசி, ஸ்பைஸ்ட், பஞ்சன்ட்

எங்களுக்கு ஒரே சொல், உறைப்பு. ஆங்கிலத்தில் அதற்கென்றே தனியாக ஒரு சொல் இல்லை, உள்ள சொல் எல்லாம் இரண்டு வேலை பார்க்கிறது.

ஹொட் என்றால் சூடும்தான் உறைப்பும்தான். இதை ஆங்கிலேயரின் அசட்டை என்று நினைத்திருந்தேன். பார்த்தால் உடம்பும் அதே குழப்பத்தைத்தான் செய்கிறது: மிளகாயில் உள்ள கெப்சைசின், சூட்டை உணரும் அதே உணரியைத் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சரி, லேபலுக்கு வருவோம். தூள் பக்கற்றில் மைல்ட், மீடியம், ஹொட் என்று தரம் பிரிக்கும்போது ஹொட் சரியான சொல், வெளிநாட்டுக் கடைகளில் அப்படித்தான் தேடுவார்கள். ஆனால் அதைத் தனியாக ஒரு மூலையில் போடுங்கள். பெயருக்குள் இழுத்து வைக்காதீர்கள். சாப்பாட்டுக் கடைப் பட்டியலில் 'ஹொட் கிராப் கறி' என்று போட்டால் ஆறாத நண்டுக்கறி என்றும் விளங்கும்.

ஸ்பைசி என்றால் இன்று பெரும்பாலானோர் மிளகாய் உறைப்பையே நினைப்பார்கள், ஆனால் சரக்குச் சாமான் மணக்கிற சாப்பாட்டுக்கும் அது வரும். கறுவாவும் ஏலமும் போட்ட கேக்கை 'ஸ்பைசி கேக்' என்று எழுதினால் பிள்ளைக்கு வாங்க வந்தவர் வைத்துவிட்டுப் போய்விடுவார். அங்கே 'ஸ்பைஸ்ட்' என்று போடுங்கள். ஸ்பைஸ்ட் டீ என்றால் ஏலம், இஞ்சி போட்ட தேத்தண்ணீர், பயமில்லாமல் குடிக்கலாம்.

பஞ்சன்ட் என்ற சொல்லில் படித்தவர்களே விழுவார்கள். அறுசுவையை ஆங்கிலத்தில் எழுதும் சித்த, ஆயுள்வேத நூல்களில் கார்ப்புக்கு பஞ்சன்ட் என்றுதான் இருக்கும், அகராதிப்படி பிழையும் இல்லை. ஆனால் சாதாரண ஆங்கில வாசகருக்கு அது முதலில் மூக்கைத் துளைக்கிற வாடை, கருவாடு பொரிக்கிறபோது நாலு வீட்டுக்குப் போகிற மாதிரி. கறித்தூளில் அந்தச் சொல் வேண்டாம்.

யாழ்ப்பாணத் தூளின் சிறப்பு உறைப்பு மட்டும் இல்லை, மிளகாயையும் சரக்கையும் வறுத்து எடுக்கிற வாசமும்தான். அதனால் என் இப்போதைய வரி: 'ரோஸ்டட் ஜாஃப்னா கறி பவுடர்', மூலையில் 'ஹொட்'. கீழே சின்ன எழுத்தில் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்று ஆங்கிலப் பெயர்கள். ரோஸ்டட் என்ற ஒரு சொல், நான் முன்பு எழுதிய நாலு வரிப் புகழ்ச்சியை விட நன்றாக விற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, 'டெவில்ட்' என்று நாங்கள் எழுதும் கச்சானும் கஜுவும். இலங்கையில் எல்லோருக்கும் விளங்கும், வெளியே விளங்கும் என்று நம்ப வேண்டாம். பக்கத்தில் 'வித் சில்லி' என்று சேர்த்துவிடுங்கள்.

5. புளிப்பு, கைப்பு, கயர்

சவர் என்பது புளிப்புக்கு நேர்ச்சொல்தான், ஆனால் போத்தலில் ஆபத்தான சொல். பால் திரைந்தாலும் சவர் என்றுதான் சொல்வார்கள். பழுதாகாத சாமானுக்குப் பழுதான வாடையை நீங்களே ஏன் ஒட்ட வேண்டும்? வாய் கூசுகிற கூரான புளிப்புக்கு டார்ட் (அதே சொல் பழம் வைத்த ஒரு பேக்கரிப் பண்டத்துக்கும் பெயர், இடத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வார்கள்). வாயூற வைக்கிற, விரும்பிச் சாப்பிடுகிற புளிப்புக்கு டாங்கி. யுத்த டாங்கி இல்லை, தமிழ் எழுத்தில் எழுதினால் அப்படித்தான் வருகிறது, என்ன செய்ய. நெல்லி ரசத்துக்கு டார்ட், மாங்காய் ஊறுகாய்க்கும் தேசிக்காய் ஊறுகாய்க்கும் டாங்கி என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். அசிடிக் என்று எழுதினால் வயிற்றெரிவு ஞாபகம் வரும், விட்டுவிடுங்கள்.

நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதை ஆஃப்டர்டேஸ்ட் என்பார்கள். அந்தச் சொல்லைத் தனியாக விட்டால் கெட்டதாகத்தான் எடுபடும், மருந்து குடித்த பிறகு வாயில் நிற்பது போல. 'ஸ்வீட் ஆஃப்டர்டேஸ்ட்' என்று முன்சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள்.

கயர், அதாவது துவர்ப்பு, பழுக்காத வாழைக்காயைக் கடித்தால் நாக்கைப் பிடித்து இழுப்பது. ஆங்கிலத்தில் அஸ்ட்ரிஞ்சன்ட். சொல் சரி, ஆனால் முகத்துக்குப் பூசுகிற திரவத்துக்கும் அதே பெயர் என்பதால் சாப்பாட்டு லேபலில் நான் போடுவதில்லை. யாராவது கேட்டால் கடும் தேத்தண்ணீர் மாதிரி வாய் வறளும் என்று விளக்கிவிடுகிறேன்.

பனாட்டில் எனக்கு மூன்று நாள் போனது. பனம்பழக் களியில் ஃபிளபெலிஃபெரின் என்ற பொருள் இருப்பதால் இனிப்புக்குள் ஒரு கைப்பு இருக்கும், அதை ஒளித்தால் முதல் கடியிலேயே துப்புவார்கள். பிட்டர் என்று மட்டும் எழுதினால் வாங்கவே மாட்டார்கள். கறுப்புச் சொக்லேட்டுக்குப் பாவிக்கிற 'பிட்டர்ஸ்வீட்' தான் பொருந்தியது, அந்தச் சொல்லை விரும்பி வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

6. வாசம், மணம், நாற்றம்

அரோமா சாப்பாட்டுக்கும் கோப்பிக்கும். ஃப்ராக்ரன்ஸ் பூவுக்கும் சவர்க்காரத்துக்கும், தூளில் போட்டால் சவர்க்காரம் போட்டது போல ஒலிக்கும். ஓடர் பெரும்பாலும் கெட்ட பக்கம். ஸ்மெல் தனியாக நின்றால் அதுவும் கெட்ட பக்கமே சாயும். மீன் வெடுக்குக்கு 'ஃபிஷி', எண்ணெய் சிக்கு வாசத்துக்கு 'ரான்சிட்'. இந்த இரண்டும் லேபலுக்கு இல்லை, வாங்கியவர் முறைப்பாடு அனுப்பினால் என்ன சொல்கிறார் என்று விளங்குவதற்கு.

7. சேவரியும் சோர்ட் ஈட்ஸும்

இனிப்பில்லாத பலகாரம் எல்லாம் சேவரி: மிக்ஸர், முறுக்கு, ரோல்ஸ், வடை. 'சோல்டி' என்று எழுதினால் உப்புக் கரிக்கிறது என்று ஆகும். 'சோர்ட் ஈட்ஸ்' இலங்கை ஆங்கிலம், வெளியே போனால் 'சேவரி ஸ்நாக்ஸ்' என்று மாற்றுங்கள். கடைசி எழுத்தில்லாத சேவர் வினைச்சொல், ஆறுதலாக ரசித்துச் சாப்பிடுவது. உறைப்புக் குறைந்ததற்கு மைல்ட் எழுதுங்கள், பிளாண்ட் எழுத வேண்டாம், அது சப்பென்றது.

8. காசும் நாளும்

நான் இரண்டாம் தரம் செய்தபோது போன கணக்கு இது, உங்கள் அச்சகத்தில் கூடக் குறைய இருக்கும். ரீச்சர் பார்த்துத் தர மூன்று நாள், காசு வாங்க மறுத்துவிட்டார், அரைக் கிலோ தூள் கொடுத்தேன். வடிவமைப்புத் திருத்தம் 1,000 ரூபாய், இரண்டு நாள். மாதிரிக்கு ஒரு ஏ4 ஸ்டிக்கர்த் தாள் 150 ரூபாய். அதை வெட்டிப் போத்தலில் ஒட்டி இரண்டு நாள் குசினி மேசையில் வைத்தேன், வீட்டுக்கு வருகிறவர்கள் வாசிக்கட்டும் என்று. ஒரு எழுத்துப் பிழை அப்படித்தான் பிடிபட்டது, பிடித்தது பத்து வயதுப் பெடியன். பிறகு 200 ஸ்டிக்கர் மட்டும், ஒன்று 11 ரூபாய்ப்படி 2,200. ஆயிரமாக அடித்தால் ஒன்று 7.50க்கு வரும் என்று ஆசை காட்டுவார்கள். முதல் தரத்துக்கு அந்த ஆசை வேண்டாம்.

எல்லாம் சேர்த்து இரண்டு கிழமை. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுச் சனத்தைக் குறிவைத்தால் கொடியேற்றத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முதல் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். 25 நாளும் நோட்டீஸும் பதாகையுமாக அவர்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. அச்சகத்துக்கு அனுப்பும்போது ஆங்கில வரியை வாயால் சொல்லவும் வேண்டாம், கையால் எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். தட்டச்சுச் செய்து வாட்ஸப்பில் அனுப்பி, அவர்கள் திருப்பி அனுப்பும் மாதிரிப் படத்தை நீங்கள் அனுப்பியதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்ட பிறகுதான் 'சரி' என்று பதில் போடுங்கள். அந்தச் 'சரி' போட்ட பிறகு வருகிற பிழை உங்கள் கணக்கில்தான் விழும்.

பழைய ஸ்டிக்கரில் அறுநூறுக்கு மேல் இன்னும் அலுமாரியில் கிடக்கிறது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் மகள் அதில் கணக்குச் செய்து பழகுகிறாள்.